நிறுத்தி வைத்த காரை டெலிவரி லாரி இடித்துவிட்டால்: இழப்பீடு வாங்கும் வழி

நின்றுகொண்டிருந்த காரை இன்னொரு வண்டி வந்து இடித்தால், தவறு யார் பக்கம் என்பதில் பெரிய சந்தேகம் எழுவதில்லை. அப்படியிருந்தும் டெலிவரி லாரி இடித்த காரைச் சொந்தக் காசில் சரிசெய்துகொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விஷயம் வேறு இடத்தில் இழுபடுகிறது. ‘இடித்தது எங்கள் வண்டிதானா?’, ‘இந்த அடி முன்பே இருந்ததா?’, ‘பணம் தர வேண்டியது நாங்களா, எங்கள் ஒப்பந்தக்காரரா?’ என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்கும் பதில் சொல்லும் சான்றுகள் முதல் சில மணி நேரத்தில் சுலபமாகக் கிடைக்கும். ஒரு வாரம் போனால் பாதி காணாமல் போகும். அதனால் கோபப்படுவதையும் யோசிப்பதையும் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் சேகரியுங்கள்.

காரை நகர்த்துவதற்கு முன்

கார் நின்ற இடத்திலேயே படம் எடுக்க வேண்டும். முதல் சில படங்கள் தள்ளி நின்று எடுத்தவையாக இருக்கட்டும்: கார் முழுவதும், சாலை, பக்கத்துக் கட்டடம், பார்க்கிங் கோடு, அறிவிப்புப் பலகை எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும். கார் சரியான இடத்தில்தான் நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. நிறுத்தக்கூடாத இடத்தில் நின்றிருந்தாலும் இடித்தவரின் பொறுப்பு அப்படியே மறைந்துவிடாது. ஆனால் ‘உங்கள் பங்கும் இருக்கிறது’ என்று தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அப்படி இருந்தால் வண்டி போக எவ்வளவு இடம் மீதி இருந்தது என்பது தெரியும்படி எடுத்து வையுங்கள்.

அப்புறம் கிட்டே வாருங்கள். ஒவ்வொரு அடியையும் நேராகவும், சாய்வாகவும் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் டெண்ட் விழுந்த பள்ளத்தின் ஆழம் தெரியும். ஒரு டேப்பைத் தரையிலிருந்து நிறுத்தி, கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியும்படி ஒரு படம் அவசியம். லாரியின் பம்பர், ஏறும் படி, பக்கவாட்டுக் கம்பி, பெட்டியின் மூலை ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். கீறலின் உயரம் அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால், மறுப்பவர்களுக்குப் பேச்சு எழாது. கீறலில் வேறு நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், காரைக் கழுவவும் வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் கண்ணாடித் துண்டு, விளக்கு மூடி, பிளாஸ்டிக் சில்லு எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அதில் ஒன்று லாரியிலிருந்து உடைந்ததாக இருக்கக்கூடும்.

அடிபடாத பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். பின்னால் ‘இது பழைய அடி’ என்று யாராவது சொன்னால், அன்றைக்குக் கார் இருந்த முழு நிலையையும் காட்ட முடியும்.

ஓட்டுநர் அங்கேயே இருந்தால்

குரலை உயர்த்தாதீர்கள். ஒரு நாளில் அத்தனை வீடுகளுக்கும் பொட்டலம் சேர்த்தாக வேண்டிய அவசரத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் அவர். பணம் தரப்போவது பெரும்பாலும் அவர் இல்லை. நிறுவனமோ அதன் இன்சூரன்ஸோதான். அவரிடம் வேண்டியது தகவல் மட்டும்: பெயர், ஓட்டுநர் உரிம எண், வண்டியின் பதிவு எண், இன்சூரன்ஸ் நிறுவனமும் பாலிசி எண்ணும், அவருக்கு வேலை கொடுத்திருப்பவர் யார் என்பது. எழுதிக்கொள்வதைவிட ஆவணங்களைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. லாரியின் முன்புறம், பின்புறம், கதவு, இடித்த மூலை எல்லாவற்றையும் எடுங்கள். கதவின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பெயரும் நிறுவனம் தன் கணக்குக்காக வண்டிக்குத் தந்த உள் எண்ணும் முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஓட்டுநர்கள் பலர் ஒன்று கேட்பார்கள்: “கம்பெனிக்குச் சொல்லாதீங்க, நானே பணம் தந்துடறேன்.” சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், வேலை போய்விடும் என்ற பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யும் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பம்பருக்குப் பின்னால் என்ன உடைந்திருக்கிறது என்று இருவருக்குமே அப்போது தெரியாது. அவர் தருவதாகச் சொல்லும் தொகை போதாமல் போனால், மீதியை வாங்குவதற்கான சான்று உங்களிடம் இருக்காது. அவரும் தன்னால் தாங்க முடியாத செலவில் மாட்டிக்கொள்வார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதே இந்த மாதிரி நேரத்துக்குத்தான். ‘வேண்டுமென்று செய்யவில்லை, நின்று விவரம் கொடுத்தார்’ என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். சொன்னபடி எழுதவும் செய்யுங்கள். அது அவருக்கு உண்மையிலேயே உதவும்.

லாரி போய்விட்டிருந்தால்

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிப் போகும். பெட்டியின் வால் பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும். ஓட்டுநர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்மூலை உங்கள் கதவைக் கிழித்திருக்கலாம், அவருக்குச் சத்தமே கேட்டிருக்காது. எனவே ஓடிவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். தேட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கேமரா. உங்கள் டாஷ்கேமில் பார்க்கிங் பதிவு இருக்கிறதா பாருங்கள். பிறகு தெருவில் எந்த வாசல், எந்தக் கடை, எந்தக் குடியிருப்பின் கேமரா உங்கள் கார் நின்ற இடத்தைப் பார்க்கிறது என்று நடந்து பாருங்கள். பல கேமராக்கள் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். சிலவற்றில் ஒரு மாதம் நிற்கும், சிலவற்றில் ஒரு வாரம்கூட நிற்காது. அன்றைக்கே போய்க் கேளுங்கள். நகல் தர அவர்கள் தயங்கினால், ‘இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடைப்பட்ட பதிவை அழிக்காமல் வையுங்கள், போலீஸோ இன்சூரன்ஸோ கேட்கும்’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

டெலிவரி வண்டிகள் விஷயத்தில் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அன்றைக்கு யாருக்குப் பொட்டலம் வந்தது என்று விசாரியுங்கள். ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று அவர்களுடைய போனுக்கு வந்த செய்தியில் நிறுவனத்தின் பெயரும் நிமிடக் கணக்கில் நேரமும் இருக்கும். சில நிறுவனங்கள் பொட்டலத்தை வாசலில் வைத்துப் படமும் எடுத்து அனுப்பும். அந்த நேரத்தையும் கேமராப் பதிவின் நேரத்தையும் சேர்த்து வைத்தால், எந்த வண்டி, எந்த ஓட்டுநர் என்பதை நிறுவனமே தன் பதிவேட்டில் கண்டுபிடித்துவிடும்.

போலீஸில் புகார் கொடுங்கள். இடித்தவர் தெரியாத நிலையில் இது கிட்டத்தட்ட கட்டாயம். பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் புகார் எண் இல்லாமல் கோப்பையே திறக்காது. இடித்தவர் தெரிந்திருந்தாலும், சேதம் பெரிதாக இருந்தாலோ அவர் விவரம் தர மறுத்தாலோ புகார் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

பணம் தர வேண்டியது யார்

லாரியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனம்தான் வண்டியின் உரிமையாளர் என்று நினைக்காதீர்கள். வண்டி வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். ஓட்டுநர் ஓர் ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ சொந்த வண்டி ஓட்டுபவராகவோ இருக்கலாம். கதவில் இருந்த சிறிய எழுத்தைப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். வேலை நேரத்தில் தொழிலாளி செய்த சேதத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பு என்பது பல நாடுகளின் சட்டத்தில் உள்ள பொது விதி. வேலை கொடுத்தவர் எந்த நிறுவனம் என்பதில்தான் சிக்கல் வரும்.

எனவே ஆரம்பத்தில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்காமல், பெயர் தெரிந்த எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள்: பெரிய நிறுவனம், ஒப்பந்தக்காரர், பதிவு உரிமையாளர், அவர்களின் இன்சூரன்ஸ். பல நாடுகளில் பதிவு எண்ணை வைத்தே வண்டியின் இன்சூரன்ஸ் யாரிடம் இருக்கிறது என்று அரசின் அல்லது இன்சூரன்ஸ் அமைப்புகளின் தளத்தில் பார்த்துவிடலாம்.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து நேரத்தைச் செலவிடாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பொட்டலம் வராத புகாரும் உடைந்து வந்த பொருளும்தான். உங்கள் கார் விஷயத்தையும் அந்த வரிசையில் போட்டு, ஒரு கூப்பனைக் கொடுத்து ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவார்கள். அந்தக் கூப்பனை வாங்காதீர்கள். விபத்துக் கோரிக்கைகளைப் பார்க்கும் பிரிவு எது, அதன் மின்னஞ்சல் என்ன என்று மட்டும் கேளுங்கள். வண்டிகள் அதிகம் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் சில, ஒரு அளவு வரையிலான சேதத்தை இன்சூரன்ஸுக்குப் போகாமல் தாங்களே கொடுத்துவிடும். அதையும் முடிவு செய்வது அந்தப் பிரிவுதான்.

இரண்டு வழிகள், இரண்டிலும் விலை உண்டு

எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிடம் நேராகக் கேட்பது ஒரு வழி. உங்கள் பாலிசியில் கைவைக்க வேண்டியதில்லை, உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய தொகை இல்லை, நோ கிளெய்ம் போனஸும் (பணம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகாது. கார் இல்லாத நாட்களின் செலவையும் கேட்கலாம். ஆனால் அவர்கள் உங்களுக்கு வேலை செய்பவர்கள் இல்லை, அவசரப்படமாட்டார்கள்.

உங்கள் சொந்த முழுப் பாதுகாப்புப் பாலிசியில் கேட்பது இரண்டாவது வழி. வேலை சீக்கிரம் நடக்கும். உங்கள் பங்குத் தொகையை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் இன்சூரன்ஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை இடித்தவரிடமிருந்து வசூலிக்கும். அப்போது உங்கள் பங்குத் தொகையையும் சேர்த்து வசூலிக்கச் சொல்லி ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள். போனஸ் என்ன ஆகும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

சின்ன அடி, கார் ஓடுகிறது, இடித்தவர் ஒப்புக்கொள்கிறார் என்றால் நான் முதல் வழியைச் சொல்வேன். கார் நகரவே முடியாத நிலை, தினமும் வேலைக்கு அது வேண்டும், எதிர்த்தரப்பு மழுப்புகிறது என்றால் இரண்டாவது. உங்களிடம் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் தேர்வே இல்லை, முதல் வழிதான். எந்த வழியானாலும் உங்கள் இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பணம் கேட்காவிட்டாலும் விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சொந்த இன்சூரன்ஸில் கேட்டுவிட்டு, இடித்தவரிடம் தனியாக ‘எல்லாம் தீர்ந்தது’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் இன்சூரன்ஸ் வசூலிக்கும் உரிமை அதோடு போய்விடும். உங்களுக்குத் தர வேண்டியதையும் அவர்கள் மறுக்கலாம்.

சேதத்தின் உண்மையான அளவு

இன்றைய கார்களின் பம்பர் வெளித்தோல் வளையும் பிளாஸ்டிக். அடி விழுந்ததும் உள்ளே போய், திரும்ப வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்தான் தெரியும். அதற்குப் பின்னால் அதிர்வு தாங்கும் நுரைக்கட்டை நொறுங்கியிருக்கலாம், உலோகக் குறுக்குக்கம்பி வளைந்திருக்கலாம், தாங்கிகள் உடைந்திருக்கலாம். பார்க்கிங் சென்சார், ரேடார், கேமரா உள்ள கார் என்றால் அவை ஒரு சின்ன கோணம் திரும்பியிருந்தாலும் தவறாக வேலை செய்யும். கழற்றி மாட்டியதும் அவை சரியாக அளக்கின்றனவா என்று அளவு சரிபார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரும். சக்கரத்தில் அடி பட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விடக்கூடாது. பெயின்ட்டும் அப்படித்தான். வெயிலில் நின்ற பழைய பெயின்ட்டோடு புதியதன் நிறம் ஒத்துப்போகாது என்பதால், பல நிறங்களில் பக்கத்துக் கதவு வரைக்கும் கலந்து அடிப்பார்கள். அது ஆடம்பரச் செலவு இல்லை, சேதத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் காரைக் கொண்டுவரும் செலவு.

இரண்டு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்குங்கள். உதிரிபாகம், டிங்கரிங் கூலி, பெயின்டிங், சென்சார் வேலை எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘கழற்றிப் பார்க்கும்போது வேறு சேதம் தெரிந்தால் கூடுதலாக வரும்’ என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். சேதத்தை மதிப்பிட வரும் எதிர்த்தரப்பின் சர்வேயர் பார்க்கும்வரை வேலையை ஆரம்பிக்காதீர்கள். பாதுகாப்புக்காக எதையாவது உடனே மாற்றியே ஆக வேண்டும் என்றால், படம் எடுத்துவிட்டு, கழற்றிய பாகத்தை வாங்கி வையுங்கள்.

ரிப்பேர் தொகையோடு நிற்க வேண்டாம். காரை இழுத்துச் சென்ற கட்டணம், மாற்று வாகன வாடகை அல்லது டாக்ஸிச் செலவு, காருக்குள் உடைந்த பொருள் இவற்றையும் ரசீதோடு கேளுங்கள். மாற்று வாகனம் உங்கள் கார் அளவில், நியாயமான நாட்களுக்கு இருந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. புதிய காரில் பெரிய அடி என்றால், ரிப்பேருக்குப் பிறகும் விற்பனை விலை குறையும். அந்த இழப்பைக் கேட்கச் சட்டம் இடம் தரும் ஊர்களில் ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு கேட்கலாம். ‘சரிசெய்வதைவிடக் காரின் விலை குறைவு’ என்று முடிவானால், விபத்துக்கு முந்தைய நாள் சந்தை விலைதான் அளவுகோல். அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே ஓட்டம் உள்ள கார்களின் விற்பனை விளம்பரங்களைச் சேர்த்து அனுப்புங்கள். பழைய அடியை இதில் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். ஒரு பொய் தெரிந்தால் உண்மையான பாக்கியும் சந்தேகத்துக்குள்ளாகும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

குறைவாக எழுதுங்கள். உதாரணத்துக்கு:

‘இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் முறையாக நிறுத்தப்பட்டிருந்த என் காரை (பதிவு எண்) உங்கள் டெலிவரி வண்டி (பதிவு எண்) இடித்துச் சேதப்படுத்தியது. அப்போது காரில் யாரும் இல்லை. படங்கள், கேமராப் பதிவு, போலீஸ் புகாரின் நகல், இரண்டு எஸ்டிமேட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன. ரிப்பேர் செலவும் மற்றச் செலவுகளும் சேர்த்து இவ்வளவு தொகையைக் கோருகிறேன். கழற்றும்போது தெரியவரும் சேதத்துக்கான கூடுதல் தொகையைக் கோரும் உரிமை எனக்கு உண்டு. அன்றைய ஜிபிஎஸ் தடம், வண்டிக் கேமராப் பதிவு, டெலிவரி வரிசைப் பட்டியல், ஓட்டுநரின் விபத்து அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கக் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும்.’

ஜிபிஎஸ் வரியை விட்டுவிடாதீர்கள். டெலிவரி வண்டி எந்த நிமிடம் எங்கே நின்றது என்பது அவர்களிடம் பதிவாகியிருக்கும். அதை அழிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கேட்ட பிறகு ‘பதிவு இல்லை’ என்று சொல்வது அவர்களுக்குத்தான் சங்கடம்.

போனில் பேச நேர்ந்தால், பேசி முடித்ததும் ‘இன்று நாம் பேசியது இது’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கோரிக்கை எண், பேசியவர் பெயர், தேதி எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும்.

பதில் வந்த பிறகு

‘எங்கள் ஓட்டுநர் மறுக்கிறார்’ என்றால், எந்தப் பதிவைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ‘ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்’ என்றால், அவர் பெயர், முகவரி, இன்சூரன்ஸ் விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ‘பழைய சேதம்’ என்றால், விபத்துக்கு முந்தைய படமோ, கடைசி சர்வீஸின்போது ஒர்க்‌ஷாப் எடுத்த குறிப்போ போதும்.

முதலில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். தேய்மானம் என்று உதிரிபாகத்தில் கழித்திருப்பார்கள், பெயின்டைக் குறைத்திருப்பார்கள், மாற்று வாகன நாட்களை வெட்டியிருப்பார்கள். மொத்தமாக ‘போதாது’ என்று எழுதாமல், எந்த வரியில் எவ்வளவு குறைந்தது, ஏன் அது வேண்டும் என்று வரிவரியாகப் பதில் எழுதுங்கள். ஒப்புக்கொண்ட பகுதியை மட்டும் இப்போது கொடுங்கள், மீதியைப் பற்றிப் பேசுவோம் என்றும் கேட்கலாம்.

பணத்தோடு ஒரு தாள் வரும். ‘முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்’ என்று அதில் இருந்தால், கையெழுத்துக்குப் பிறகு ஒரு பைசா கேட்க முடியாது. காரைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. காசோலையின் பின்புறத்திலோ வங்கிப் பணப் பரிமாற்றத்தின் குறிப்பிலோ இதே வாசகம் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒத்துவராவிட்டால்

‘இன்னும் 14 நாட்களில் தீர்வு வராவிட்டால் வழக்குத் தொடுப்பேன்’ என்று கடைசிக் கடிதம் ஒன்று அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் சிறு தொகை வழக்குகளுக்குத் தனி நீதிமன்றமோ எளிய நடைமுறையோ இருக்கிறது. வக்கீல் இல்லாமலே போகலாம். வேறு சில நாடுகளில் மோட்டார் விபத்துகளுக்கென்றே தீர்ப்பாயம் உண்டு. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்று தோன்றும். ஆனால் அவர்கள் பொதுவாக ஓர் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மீது அதன் சொந்தப் பாலிசிதாரர் கொடுக்கும் புகாரைத்தான் எடுப்பார்கள். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் மீதான உங்கள் புகாரை எடுக்காமல் போக வாய்ப்பு அதிகம். உங்கள் சொந்த இன்சூரன்ஸ் இழுத்தடித்தால் அந்தக் கதவு பயன்படும்.

வழக்குத் தொடுக்கக் காலக்கெடு உண்டு, ஊருக்கு ஊர் அது பெரிதும் மாறும். கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் கெடு நின்றுவிடாது. உங்கள் ஊரின் கெடுவை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாருக்காவது காயம் பட்டிருந்தாலோ, தொகை பெரிதாக இருந்தாலோ ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவதே சரி.

கார் திரும்பி வரும்போது

சரிசெய்த காரைப் பகல் வெளிச்சத்தில் திரும்ப எடுங்கள். பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் ஒரே பார்வையில் வைத்து நிறம் பாருங்கள், கதவுகளின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள், எல்லா விளக்கையும் போடுங்கள், பார்க்கிங் சென்சாரை ஒரு சுவருக்குப் பக்கத்தில் சோதியுங்கள், நேரான சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பாருங்கள். சென்சார் அளவு சரிபார்த்ததற்கான அறிக்கையையும், ஒர்க்‌ஷாப்பின் வாரண்டியையும் எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதன் பிறகு அந்த இறுதித் தீர்வுத் தாளில் கையெழுத்துப் போடலாம். பில், படங்கள், கடிதங்கள் முழுவதையும் காரின் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். நாளை காரை விற்கும்போது, என்ன அடி, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று வாங்குபவர் நிச்சயம் கேட்பார்.